சுவத்துல பூசணம் பூத்தா யார் செலவு பண்ணணும், ஓனரா குடியிருக்கறவங்களா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு எங்க வாடகைக்கு இருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழை பிடிச்சா இது வந்துரும், பீரோவுக்குப் பின்னாடி கறுப்பு கறுப்பா பூசணம், துணியெல்லாம் மக்கின வாடை. ஓனர்கிட்ட சொன்னா "நீங்க ஜன்னலையே திறக்கறதில்ல"ம்பார், நாம "உங்க தளம் ஒழுகுது"ம்போம். சண்டை போடறதுக்கு முன்னாடி தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிரும்.

மழை பெய்ஞ்ச மறுநாள் சீலிங்ல ஈரம் பரவுச்சுன்னா தளத்துல விரிசல், இல்ல மேல தண்ணி தேங்குது. வெயில் காலத்துலயும் ஒரே இடம் ஈரமாவே இருந்தா சுவத்துக்குள்ள போற பைப் கசியுது, ராத்திரி எல்லா டேப்பையும் மூடிட்டு மோட்டாரும் போடாம விட்டு காலைல டேங்க் மட்டம் எறங்கியிருக்கான்னு பாருங்க. ஈரம் தரையிலருந்து சுவத்துல மேல ஏறினா அது ஓதம், அதாவது மண்ணுல இருக்கற ஈரம் சுவர் வழியா ஏறுது. இதுல எதுவும் இல்லாம மூலையில மட்டும் பூத்திருந்தா சந்தேகம் வரும், அப்ப சமையல் அலுமினியம் ஃபாயில் ஒரு துண்டு எடுத்து அந்த சுவத்து மேல வச்சு, நாலு பக்கமும் செல்லோ டேப்பால ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. சுவர் பக்கம் நனைஞ்சிருந்தா ஈரம் உள்ளருந்து வருது, ரூம் பக்கம் நனைஞ்சிருந்தா வீட்டுக்குள்ள துணி காயப்போடறது, காத்தோட்டம் இல்லாதது இதுதான் காரணம், அத நாமதான் சரி பண்ணிக்கணும்.

இனி சட்டம். தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலருந்து நடைமுறையில இருக்கு. பூசணம்னு தனியா அதுல எழுதல, ஆனா எந்த ரிப்பேர் யாரோடதுன்னு அட்டவணை இருக்கு. கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர். டேப், வாஷர், வாஷ்பேசின், கக்கூஸ் ரிப்பேர், சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருக்கறவங்க. அதனால தளம் ஒழுகினாலோ சுவத்துக்குள்ள பைப் கசிஞ்சாலோ ஓனர் செலவு, நாம ஆணி அடிச்சு பைப்ப ஓட்டை போட்டிருந்தா நம்ம செலவு, இதுல வாதமே வேணாம்.

ஓனர்கிட்ட வாயால சொல்றதோட நிறுத்தாதீங்க. தேதியோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா லெட்டர் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, நகல் கைல இருக்கட்டும். எழுதிக் கேட்டும் செய்யலன்னா நாமளே செஞ்சு வாடகையில கழிச்சுக்க சட்டம் விடுது, ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக்கூடாது, பில் இல்லாம கழிக்கவே கூடாது. வாடகையையே மொத்தமா நிறுத்திட்டு உக்காந்துக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, வாடகை பாக்கின்னு உங்க மேலயே கேஸ் திரும்பிரும். எழுதிக் கேட்டும் ஓனர் ரிப்பேர் செய்யாம வீடு குடியிருக்கவே லாயக்கில்லாம போச்சுன்னா 15 நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்து காலி பண்ணலாம், இல்ல இந்தச் சட்டப்படி வாடகைத் தகராறு பாக்கற வாடகை அதிகாரிகிட்ட மனு போடலாம். அக்ரிமெண்ட் அந்த அதிகாரிகிட்ட பதிவு ஆகியிருந்தா அங்க உங்க பேச்சு நிக்கும், 11 மாச ஸ்டாம்ப் பேப்பர் எழுதி வீட்லயே வச்சிருக்கறது போதாது.

போக்கியத்துக்கு இருக்கறவங்க கவனிங்க, மாச வாடகையே இல்லாததால கழிக்கறதுக்கு வழியில்ல, பத்திரம் எழுதும்போதே தளம், பைப் ரிப்பேர் ஓனரோடதுன்னு ஒரு வரி போட்டுருங்க.

ஓனர்களுக்கும் ஒண்ணு. கசிவ நிறுத்தாம மேல பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கே உரிஞ்சி வரும், காசு ரெண்டு தடவை போகும். குடியிருக்கற வீட்ல கைக்குழந்தையோ வீசிங் இருக்கறவங்களோ இருந்தா தள்ளிப்போடவே போடாதீங்க, பூசணக் காத்து அவங்களுக்கு ரொம்ப கஷ்டம்.

சுத்தம் பண்றப்ப மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னல திறந்து, சோப்புத் தண்ணியில தேய்ச்சு நல்லா காய விடுங்க. நனைக்காம காய்ஞ்ச பூசணத்த அப்படியே சுரண்டினா தூள் வீடு பூரா பறக்கும். பிளீச்சிங்கோட ஆசிட் மட்டும் கலந்துராதீங்க, விஷ வாயு வரும். நனைஞ்ச மெத்தை, அட்டைப்பெட்டி ரெண்டு நாளுக்குள்ள காயலன்னா தூக்கிப் போட்டுருங்க, அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கங்க, அட்வான்ஸ் கணக்கு பேசும்போது வேணும்.