வாடகை, டெபாசிட், பராமரிப்புப் பணம்: வீட்டு நிர்வாகி அடுத்தவர் காசைக் காக்கும் முறை

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களில் பல இன்று நான்கைந்து மாடி பிளாட்டுகளில் இருக்கின்றன. லயன் வீட்டில் இருந்தவரை கூரை ஒழுகினால் தோட்ட ஆபீசில் சொன்னால் போதும். பிளாட்டில் மாடிப்படி விளக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி பம்பு வரை எல்லாமே வீட்டுக்காரர்கள் கட்டும் மாதப் பணத்தில்தான் ஓடுகின்றன. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிள்ளைகள், பெற்றோரின் வீட்டை வாடகைக்கு விட்டு நிர்வாகியிடம் ஒப்படைக்கிறார்கள். இரண்டு வகைப் பணமும் ஒரே மேசைக்கு வருவதால், வந்த ஒவ்வொரு வெள்ளியும் யாருடையது என்று எந்த நாள் கேட்டாலும் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

முதலில் கணக்கு யார் பெயரில்

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (ஒரே கட்டடத்தில் தனித்தனி உரிமை கொண்ட வீடுகள்) நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757 பொருந்தும். சம்பளம் வாங்கிக்கொண்டு சொத்து நிர்வாகம் செய்பவரைக் கட்டுப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் சட்டம் 242. நிர்வாகியை நியமிக்கும் முன் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தச் சட்டத்தின் கீழ் சொத்து நிர்வாகிகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் பட்டியலில் சரிபாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ் பழையதாகவும் இருக்கலாம்.

பிளாட்டுக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் வேண்டும். ஒன்று பராமரிப்புக் கணக்கு, மற்றது சேமநிதி, எல்லோரும் சிங்கிங் ஃபண்ட் என்று சொல்வது. இரண்டும் ஜே.எம்.பி. (மேம்பாட்டாளரும் வீட்டுக்காரர்களும் சேர்ந்த கூட்டு நிர்வாக அமைப்பு) பெயரிலோ, பின்னர் வீட்டுக்காரர்களின் நிர்வாகக் கழகம் அமைந்துவிட்டால் அதன் பெயரிலோ இருக்க வேண்டும். நிர்வாக நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது. நிறுவனம் கடனில் மூழ்கினாலும், அதன் கணக்கை வங்கி முடக்கினாலும், குடியிருப்போர் காசுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது இந்தப் பெயர் வேறுபாட்டால்தான்.

தனி வீட்டு உரிமையாளர்களுக்காக வாங்கும் வாடகையும் டெபாசிட்டும் வேறு வழியில் போகும். அவற்றுக்கு நிறுவனம் 'வாடிக்கையாளர் கணக்கு' என்று வங்கியிலேயே குறிப்பிட்ட ஒரு கணக்கைத் திறக்க வேண்டும். ஊழியர் சம்பளம், ஆபீஸ் வாடகை, வண்டி எண்ணெய் எதுவும் அதிலிருந்து போகக் கூடாது. நிர்வாகக் கட்டணத்தைக்கூட, வாடகை வந்து சேர்ந்த பிறகு, பில் எழுதி, அந்தத் தொகையை மட்டும் நிறுவனக் கணக்குக்கு மாற்ற வேண்டும். 'மாதக் கடைசியில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டுவைத்தால், சில மாதங்களில் எது கட்டணம், எது வாடகை என்று பிரிக்க முடியாமல் போகும்.

கையெழுத்துக்கு எப்போதும் இருவர். ஜே.எம்.பி. கணக்கென்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவராவது இருவர் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஆன்லைன் வங்கியில் ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் நல்லெண்ணத்தால்தான். பொருளாளர் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன், வேலை நிற்கக் கூடாதே என்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அல்லது ஒப்புதல் தரும் கடவுச்சொல்லை ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவைப்பார். அந்த நிமிடமே இருவர் கையெழுத்து ஒருவர் கையெழுத்தாகிவிடுகிறது. அதனால்தான் மூன்றாமவரின் பெயர் வங்கியில் இருக்கிறது. அவரைப் பயன்படுத்துங்கள்.

காசு கைக்கு வரும் இடம்

பணம் தொலைவது பெரும்பாலும் வங்கியில் அல்ல, மேசையில். நம் ஊர்களில் மூத்தவர்கள் பலர் இன்னும் ரொக்கமாகத்தான் கட்டுகிறார்கள். அதைத் தடுக்கத் தேவையில்லை, ஒழுங்காக வாங்கினால் போதும்.

ரசீதுப் புத்தகம் எண் அச்சிட்டதாக, நகலோடு இருக்க வேண்டும். ரசீதில் வீட்டு எண், உரிமையாளர் பெயர், எந்த மாதத்துக்கு, ரொக்கமா பரிமாற்றமா, வாங்கியவர் கையெழுத்து எல்லாம் வேண்டும். தொகையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சட்டப்படி சேமநிதிக்கான பங்கு பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. ஒரு வீட்டின் பராமரிப்புக் கட்டணம் 60 வெள்ளி என்றால் சேமநிதிக்கு 6 வெள்ளி, மொத்தம் 66. 'பராமரிப்பு 66' என்று ஒரே வரியாக எழுதினால், அந்த 6 வெள்ளி சேமநிதிக் கணக்குக்குப் போகாமலே நின்றுவிடும். பெயின்ட் அடிக்கும் ஆண்டு வரும்போதுதான் அது தெரியவரும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாதீர்கள். குறுக்கே 'ரத்து' என்று எழுதி, அசலையும் நகலையும் புத்தகத்திலேயே சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

வாங்கிய ரொக்கத்தை மறுநாளே வங்கியில் போடுங்கள். வங்கிச் சீட்டின் பின்னால் '0451 முதல் 0478 வரை' என்று ரசீது எண்களை எழுதுங்கள். ரசீதுகளின் கூட்டுத்தொகையும் வங்கியில் போட்ட தொகையும் சென் வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு, வசூல் பணத்திலிருந்து எந்தச் செலவும் செய்யக் கூடாது. அன்றைய வசூல் 1,254 வெள்ளி; பம்பு சுவிட்சுக்கு 80 வெள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டு 1,174 போட்டால், செலவு நியாயமானதாக இருந்தாலும் சரிபார்க்கும் வழி உடைந்துவிடுகிறது. அடுத்த முறை 80க்குப் பதில் 180 குறைந்தாலும் யாருக்கும் உறுத்தாது. சில்லறைச் செலவுக்கு, உதாரணமாக 300 வெள்ளியைத் தனிப் பெட்டியில் வையுங்கள். எந்த நேரத்தில் எண்ணினாலும் பெட்டியில் உள்ள ரொக்கமும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து 300 வர வேண்டும். தீர்ந்ததும் சீட்டுகளைக் காட்டி, செலவான தொகையை மட்டும் காசோலையாக எடுத்து நிரப்புங்கள்.

ஆபீசிலும் காவல் சாவடியிலும் ஒட்டியிருக்கும் டுயிட்நவ் (கைப்பேசியில் பணம் கட்டும் முறை) கியூஆர் தாளை வாரம் ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயர் ஜே.எம்.பி. பெயர்தானா என்று பாருங்கள். அசல் தாளின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது எளிது. காவலாளியின் சொந்தக் கணக்குக்கு 'வசதிக்காக' அனுப்பச் சொல்வதும் அதே ஆபத்துதான்.

எந்த வீடு என்று தெரியாமல் வரும் பரிமாற்றங்கள் இன்னொரு தலைவலி. குறிப்பில் வீட்டு எண் எழுதாமல் 66 வெள்ளி அனுப்பியிருப்பார்கள். ஊகித்து யாருடைய பெயரிலும் வரவு வைக்காதீர்கள். 'அடையாளம் தெரியாத வரவு' என்று தனிப் பக்கத்தில் வைத்து, தேதியையும் தொகையையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். கட்டியவர் வங்கிச் சான்றோடு வந்ததும் அவர் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ரொக்கம் கையாளும் இடத்தில் ஒரு திருட்டு முறை திரும்பத் திரும்ப நடக்கும். முதல் வீட்டின் பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் இரண்டாம் வீட்டின் பணத்தை முதல் வீட்டின் கணக்கில் போடுவது. பிறகு மூன்றாம் வீட்டுப் பணத்தால் இரண்டாவதை மூடுவது. மொத்தத் தொகையைப் பார்த்தால் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் தெரியாது. ரசீதுத் தேதிக்கும் வங்கித் தேதிக்கும் நடுவே நாள் கூடிக்கொண்டே போவதும், 'நான்தான் கட்டிவிட்டேனே' என்ற புகார்கள் பெருகுவதும், வசூல் செய்பவர் ஒருநாள்கூட லீவு எடுக்காததும் இதன் அடையாளங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு அறிக்கை போக வேண்டும், அதை வசூல் செய்பவர் அல்லாத வேறொருவர் கொடுக்க வேண்டும். ஆண்டில் இரண்டு வாரமாவது வசூல் மேசையில் வேறு ஆள் உட்காரட்டும்.

வாடகை டெபாசிட்

மலேசியாவில் வழக்கமாக இரண்டு மாத வாடகை பாதுகாப்பு டெபாசிட், அரை மாத வாடகை மின்சாரம், தண்ணீருக்கான டெபாசிட், அதோடு முதல் மாத வாடகை. 800 வெள்ளி வாடகை வீட்டுக்கு 1,600, 400, 800, ஆக 2,800 வெள்ளி கைக்கு வரும். இதில் வீட்டுக்காரரின் வருமானம் 800 மட்டும். மிச்சம் 2,000 வாடகையாளரின் பணம், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். மொத்தத்தையும் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் 'இப்போது கையில் இல்லையே' என்ற பதில்தான் வரும். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லாததால் ஒப்பந்தமே கதி. டெபாசிட்டை யார் வைத்திருப்பார், எதற்கெல்லாம் கழிக்கலாம், காலி செய்த எத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்று அதில் எழுதி, முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இருவரும் நின்று அறை அறையாகப் படம் எடுங்கள், தெனாகா மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியும்படி எடுங்கள். கடைசி பில் வந்த பிறகு, கழித்த ஒவ்வொரு தொகைக்கும் பில் நகலோடு கணக்கு எழுதி மீதியைக் கொடுங்கள். பெயின்ட் மங்குவதும் கதவுப் பிடி தேய்வதும் புழங்குவதால் வருவது. அதற்கு டெபாசிட்டில் கை வைப்பது நியாயமில்லை.

ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தனிப் பேரேட்டுப் பக்கம் வேண்டும். வாடகை 800 வந்தது, கட்டணம் 8 விழுக்காடு என்று பேசியிருந்தால் 64, குழாய் வேலை 120, அனுப்பியது 616. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: வாடகை இன்னும் வராத வீட்டில் குழாய் உடைந்துவிடும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் இருக்கிறதே என்று 450 வெள்ளி கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் இருப்பதெல்லாம் மற்ற வீட்டுக்காரர்களின் வாடகையும் டெபாசிட்டும். எந்தப் பக்கமும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அவசர வேலைக்கென்று ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் ஆரம்பத்திலேயே ஒரு சிறு முன்பணம் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் நிறுவனம் தன் காசில் கொடுத்துப் பிறகு வசூலிக்கட்டும்.

மாதம் ஒருமுறை மூன்றையும் ஒப்பிடுதல்

வாடிக்கையாளர் கணக்குக்கு மூன்று எண்கள் ஒன்றாக வர வேண்டும்: வங்கி அறிக்கை, நிறுவனம் எழுதும் காசுப் புத்தகம், எல்லாப் பேரேட்டுப் பக்கங்களின் கூட்டுத்தொகை. வங்கி அறிக்கையில் 23,480 வெள்ளி. கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலை 1,150ஐக் கழியுங்கள். மாதக் கடைசி நாள் போட்டு அறிக்கையில் ஏறாத 630ஐக் கூட்டுங்கள். 22,960 வருகிறது. காசுப் புத்தகமும் 22,960, பேரேடுகளும் 22,960 காட்ட வேண்டும். முதல் இரண்டை மட்டும் ஒப்பிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். மூன்றாவதைப் பார்க்காவிட்டால், ஒருவர் காசை இன்னொருவருக்குச் செலவழித்தது வெளியே வராது.

வித்தியாசம் வந்தால் முதலில் 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 530ஐ 350 என்று எழுதினால் 180 இடிக்கும். இல்லையென்றால் வித்தியாசத்தின் பாதித் தொகையைத் தேடுங்கள், வரவைப் பற்றில் எழுதியிருக்கலாம். வங்கிக் கட்டணமும் திரும்பி வந்த காசோலையும் அடுத்த சந்தேகங்கள். ஒப்பீட்டைச் செய்தவர் ஒருவர், பார்த்துக் கையெழுத்திடுபவர் வேறொருவர். 'சரிசெய்தல்' என்று ஒரு வரி போட்டு இடைவெளியை மூடுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

பணம் வெளியே போகும்போது

வேலை ஆணை, பில், முடிந்த வேலையின் படம், பணம் கொடுப்பதற்கான செலவுச் சீட்டு நான்கும் சேர்ந்தால்தான் கையெழுத்து. பெரிய வேலைக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்குங்கள். மூன்றும் ஒரே கையெழுத்திலோ ஒரே தொலைபேசி எண்ணிலோ வந்தால் நிறுத்துங்கள். குத்தகையாளர் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், உங்களிடம் ஏற்கனவே உள்ள பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சேமநிதியை எதற்குத் தொடலாம் என்று சட்டமே சொல்கிறது: பொது இடங்களுக்குப் பெயின்ட், பொதுச் சொத்துக்கான பொருள்கள் வாங்குவது, பழுதான பொருத்துக் கருவிகளைப் புதுப்பிப்பது அல்லது மாற்றுவது, மேம்பாடு, மற்ற மூலதனச் செலவு. தண்ணீர்த் தொட்டிக்குப் புது பம்பு வாங்கலாம். பாக்கி விழுந்த தெனாகா பில்லை அதில் கட்டக் கூடாது. 'அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம்' என்று எடுக்கும் பணம் திரும்புவதில்லை, ஏனென்றால் வசூல் குறைந்ததால்தான் அதை எடுக்கவே நேர்ந்தது.

அந்த வசூல் குறைவை நேராகப் பார்க்க வேண்டும். கெடு தாண்டியதும் பேரேட்டு நகலோடு போய் மரியாதையாகப் பேசுங்கள். பல வீடுகளில் உரிமையாளர் இறந்து, வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். யார் கட்டுவது என்று பிள்ளைகளுக்குள் தீராமல் இருக்கும். தவணை கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள், ஆனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய நிர்வாகிக்கு அதிகாரம் இல்லை. அதற்கும் பலனில்லையென்றால், பாக்கியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பான பாரம் 11 அனுப்புங்கள், அதில் குறைந்தது 14 நாள் அவகாசம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது: ஆறு மாதப் பாக்கி 396 வெள்ளிக்கு 90 நாளைக்கு 9 வெள்ளி 76 சென்தான். இதற்கு மேல் 'அபராதம்' என்று சொந்தமாக விதிக்காதீர்கள். பிறகு ஸ்ட்ராத்தா நடுவர் மன்றம். 2,50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பாக்கிதாரர் பட்டியலைப் பலகையில் போட்டால் பெயர், வீட்டு எண், தொகை போதும். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் தொலைபேசி எண்ணும் அங்கே இருக்கக் கூடாது.

நிர்வாகி மாறும் நாள்

பழைய நிறுவனம் போய்ப் புதியது வரும் வாரத்தில்தான் காகிதங்கள் காணாமல் போகின்றன. கடைசி நாளன்றே வங்கிக்குப் போய்ப் பழையவர்களின் ஆன்லைன் அனுமதியை நீக்குங்கள். பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களை எண் வாரியாக எண்ணி வாங்குங்கள். பாக்கிப் பட்டியல், அடையாளம் தெரியாத வரவு, கொடுக்க வேண்டிய பில்கள், தணிக்கையான ஆண்டுக் கணக்குகள், கடைசி மாத ஒப்பீடு எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒரே பட்டியலில் வாங்குங்கள். வாடகை வீடுகளென்றால், டெபாசிட் தொகைகளைப் பெயர் பெயராகக் கூட்டி, அதே தொகை வங்கி மாற்றாக வந்து சேர்ந்த பிறகே ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள். பழைய கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். ஒப்படைக்க மறுத்தால், பந்திங்கைப் பொறுத்தவரை கோல லங்காட் நகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையர் பிரிவுக்கு, எந்தெந்த ஆவணம் வரவில்லை என்று வரிசையாக எழுதி, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள்.