ஆன்லைனில் குடும்ப ஆலோசனை: பலரும் சறுக்கும் இடங்கள்

கணவன் மனைவி சண்டையோ, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மனஸ்தாபமோ, எதுவானாலும் ஆலோசகரை நேரில் போய்ப் பார்க்கும்போது அந்த அறையே பாதி வேலையைச் செய்துவிடும். கதவு சாத்தியிருக்கும். போன் பைக்குள் கிடக்கும். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் அந்த அறையை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை, தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

நானும் மனைவியும் முதல் அமர்வில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். திரையில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. அவளுடைய தோளும் ஒரு காதும் மட்டும்தான் உள்ளே. இருபது நிமிடம் நான்தான் பேசினேன். "உங்க முகத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லையே, கொஞ்சம் உள்ளே வர்றீங்களா?" என்று ஆலோசகர் அவளிடம் கேட்டார். அவள் நகர்ந்து வந்தபோதுதான், இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரிந்தது.

அதனால் லேப்டாப் இருந்தால் அதையே வையுங்கள், சற்றுத் தள்ளி வையுங்கள். எல்லோருடைய முகமும் கைகளும் தெரிய வேண்டும். குரல் கொஞ்சம் தாமதித்து வருவதால், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால் ஆலோசகருக்கு இரண்டுமே கேட்காது.

அடுத்தது, கோபத்தில் அழைப்பைத் துண்டிப்பது. நேரில் என்றால் எழுந்து, கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். அதற்குள் யாராவது ஒரு வார்த்தை சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே ஒரு விரல் போதும். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் அளவுக்கு ஒருவர் கொதித்துவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டுமாம். ஆகவே, இடைவேளை கேட்பதில் தவறில்லை. "எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு சைகையை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆலோசகரை நீதிபதியாக்குவது எங்கும் நடப்பதுதான். "நீங்களே சொல்லுங்க மேடம், யார் மேல தப்பு?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆன்லைனில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. அமர்வு முடிந்த இரவே ஆலோசகருக்கு ஒரு தனி மெசேஜ்: "அவர் இன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்." இருவருக்குள் பதற்றம் கூடும்போது மூன்றாமவரை இழுத்து நடுவில் நிறுத்துவதைக் குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவன் முக்கோணம் என்றார். அந்த மெசேஜ் செய்வது அதைத்தான். தனியாகச் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பாரா, மாட்டாரா என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து மேலோட்டமாகப் படிக்காதீர்கள். வீட்டில் அடி, மிரட்டல், போனை வேவு பார்ப்பது என்று ஏதாவது இருந்தால், இருவரும் சேர்ந்து அமரும் அமர்வு ஆபத்தாக முடியலாம். அங்கே சொன்ன உண்மைக்கு, அழைப்பு முடிந்த பிறகு தண்டனை கிடைக்கும். கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதும் ஆலோசகருக்குத் தெரியாது. பயம் இருக்கிறவர் முதலில் தனியாகப் பேச வேண்டும். அதுவும் மற்றவர் கை படாத போனிலிருந்து, பாதுகாப்பான இடத்திலிருந்து. பேசுவது யார் காதிலாவது விழுமோ என்ற சந்தேகம் இருந்தால், ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் உடனே புரிந்துகொள்வார்.

சரி, அறைக்குச் சுவர் வேண்டாமா? பக்கத்து அறையில் விழித்திருக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கும். ஹெட்போன் போட்டால் ஆலோசகர் குரல் வெளியே போகாது, உங்கள் குரல் போகும். செயலியின் தனியுரிமை விதிகளையும் படிக்காமல் தாண்டாதீர்கள். பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாகக் குற்றம்சாட்டி, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்தை 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடிய அமர்வுக் குறிப்புகளைக் காட்டி, 2020இல் சிகிச்சை பெற்றவர்களிடமே பணம் கேட்டு மிரட்டினார்கள். வீட்டுக்குள்ளும் இதே கதை உண்டு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் அமர்வைப் பதிவு செய்து, அடுத்த சண்டையில் போட்டுக் காட்டினால், அதற்கு மேல் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது சிரிக்கும் படத்தையும் நட்சத்திரங்களையும் மட்டும் பார்க்காதீர்கள். 'ரிலேஷன்ஷிப் கோச்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தம்பதி சிகிச்சையிலோ குடும்ப சிகிச்சையிலோ தனிப் பயிற்சி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். ஒருவரோடு பேசுவதில் தேர்ந்தவருக்கு இருவரை ஒரே நேரத்தில் கையாளத் தெரியும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், ஒரு ஆபீஸ் மீட்டிங்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அமர்வைச் செருகுவது. நேரில் போனால் திரும்பி வரும் வழியில் மனசு கொஞ்சம் அடங்கும். இங்கே திரை அணைந்த மறுநொடியே வீடு. நாங்கள் இப்போது அமர்வு முடிந்ததும் போனை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே ஒரு சுற்று நடந்து வருகிறோம். அந்த நடையில், உள்ளே பேசியதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.