லீஸ் காரின் மின்கோளாறுக்கு டீலர் பில் போட்டால்

அமெரிக்காவில் பலரும் காரை 36 மாதங்களுக்கு லீஸ் எடுக்கிறார்கள்; பல நிறுவனங்களின் அடிப்படை வாரண்டியும் 3 ஆண்டுகள் அல்லது 36,000 மைல் வரை இருக்கிறது. எனவே லீஸ் காலத்தில் பேட்டரி அடிக்கடி இறங்கினாலோ திரை அணைந்துபோனாலோ, செலவு தயாரிப்பாளருடையது என்ற நிலையிலிருந்தே பேசத் தொடங்க வேண்டும். டீலர் அதை மறுப்பதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் எலி கடித்த ஒயர், கனெக்டரில் புகுந்த தண்ணீர், நீங்கள் பொருத்திய டேஷ்கேம் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும்.

முதலில் ரிப்பேர் ஆர்டரை வாங்கிப் படியுங்கள். நீங்கள் சொன்ன குறை, மெக்கானிக் கண்ட காரணம், செய்த வேலை என்று அதில் எழுதப்பட்டிருக்கும். யார் பணம் தர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காரணம்தான். ‘ஒயரிங் சேதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். எலி என்றால் பல் தடம் தெரியும் படத்தைக் கேளுங்கள். பேட்டரி இறங்குகிறது என்றால், காரை அணைத்து அதன் கம்ப்யூட்டர்கள் உறக்க நிலைக்குப் போன பிறகு எத்தனை மில்லியாம்பியர் மின்சாரம் ஓடியது, எந்த ஃபியூஸைக் கழற்றியபோது அது குறைந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் இயல்பு. டேஷ்கேமைக் கழற்றியும் அளவு இறங்கவில்லையென்றால் பழி அதன்மேல் நிற்காது. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, வெளிக்கருவி இருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. கோளாறுக்கு அதுவே காரணம் என்று காட்ட வேண்டும். எலிக்கடி உண்மையாகவே இருந்தால் டீலருடன் மோதிப் பயனில்லை. மோதல் அல்லாத சேதங்களுக்கான காம்ப்ரிஹென்சிவ் காப்பீட்டில் கேட்பதே சரி.

காரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். ரீகால், அதாவது பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, இருந்தால் அந்த வேலையை இலவசமாகச் செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் எழுத்துமூல எஸ்டிமேட்டுக்கு மேல் உங்கள் ஒப்புதலின்றி வாங்க முடியாது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே பழைய பாகங்களையும் கேட்டுவைக்கலாம்.

பில் கட்டாவிட்டால் காரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை டீலருக்கு உண்டு என்பதால், கார் அவசரமாகத் தேவைப்படுவோர் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதி, கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. டீலரிடம் எழுத்தில் முறையிட்டும் தீரவில்லையென்றால், ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள், அந்தத் தொகையைக் கார்டுக்குக் கட்டித் தீர்ப்பதற்கு முன்பே, கார்டு தந்த வங்கிக்கு எழுதுங்கள். கோபத்தில் லீஸ் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது லீஸ் நிறுவனத்துடனான தனி ஒப்பந்தம், கெடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர்.

தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவும் கைவிட்டால், கலிபோர்னியாவில் வாகனப் பழுதுபார்ப்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம். அதே மாநிலத்தில் 12,500 டாலர் வரையிலான கோரிக்கையைத் தனிநபர் ஒருவர் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது.