அடிபட்ட சூப்பர் காரை ஏலத்தில் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் விபத்தில் சிக்கிய லம்போர்கினியையோ மெக்லாரனையோ காப்பீட்டு நிறுவனம் ‘முழு இழப்பு’ என்று கணக்கெழுதி விட்டுவிட்டால், அந்த வண்டி பெரும்பாலும் கோபார்ட் அல்லது ஐஏஏ நடத்தும் ஏல மைதானம் ஒன்றுக்குத்தான் வந்து சேர்கிறது. கலிபோர்னியாவின் வலேஹோ நகரில் 1982-இல் ஒரே ஒரு பழைய வண்டி மைதானமாகத் தொடங்கிய கோபார்ட், இன்று இணையவழி ஏலத்தையே முழுவதும் நம்பி நடக்கிறது. இரண்டு லட்சம் டாலர் வண்டி எழுபதாயிரத்துக்குப் போவதை வீட்டிலிருந்தே திரையில் பார்க்கும் ஒருவருக்குக் கை துறுதுறுப்பது இயல்பே. ஆனால் இந்தத் தொழிலில் லாபமும் நட்டமும் முடிவாவது பட்டறையில் அல்ல. ஏலம் தொடங்குவதற்கு முந்தைய இரவில், படங்களையும் கணக்குத் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான்.

அந்த வண்டி ஏன் முழு இழப்பாக எழுதப்பட்டது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க்கில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தொட்டாலே போதும். டெக்சாஸில் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 சதவீதம். கலிபோர்னியா போன்ற இடங்களில், பழுதுச் செலவோடு உடைந்த வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டி, அது வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். சூப்பர் கார்களின் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. உடைந்த வண்டிக்கே ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதால், ஓரளவு அடிபட்டதைக்கூடச் சரிசெய்து கொடுப்பதைவிட விற்றுவிடுவது காப்பீட்டு நிறுவனத்துக்கு மலிவாக முடிகிறது. அதிகாரப்பூர்வ பட்டறையின் கூலியிலும் புதிய உதிரிபாகங்களின் விலையிலும் போட்ட கணக்கு அது. உங்கள் கணக்கு வேறாக இருக்க முடியும் என்பதுதான் இந்த முயற்சிக்கே இடம் தருகிறது.

அடுத்தது டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். ‘சால்வேஜ்’, அதாவது முழு இழப்பாக எழுதப்பட்டது, என்று குறிக்கப்பட்ட வண்டியைப் பழுதுபார்த்து, மாநில அரசின் சோதனையில் தேறினால், ‘ரீபில்ட்’ என்ற பத்திரத்தோடு மீண்டும் சாலைக்குக் கொண்டுவரலாம். ‘அழிப்புச் சான்று’ அல்லது ‘உதிரிபாகங்களுக்கு மட்டும்’ என்றிருந்தால் அதை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் பயனில்லை. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைகள் உள்ளன. ஏ முழுவதும் நொறுக்கப்பட வேண்டியது; பி வகையில் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம், உடற்கூடு நொறுக்கப்பட வேண்டும்; எஸ் என்றால் வண்டியின் எலும்புக்கூடான சட்டத்தில் அடி, ஆனால் சரிசெய்யத்தக்கது; என் என்றால் சட்டத்தில் அடியில்லை. பி வகை வண்டி சில நேரங்களில் மலிவாகவும் பார்க்க நன்றாகவும் இருக்கும். அதைக் கண்டு சபலப்படாதீர்கள்.

பத்திரம் ஒழுங்காக இருக்கிறதென்றால், எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். அரசின் என்எம்விடிஐஎஸ் தகவல் தொகுப்பின் வழியே, வண்டி இதற்கு முன் வேறு மாநிலத்தில் சால்வேஜ் ஆனதா என்று பார்க்கலாம். பழைய குறியை மறைக்க மாநிலம் மாற்றிப் பதிவு செய்யும் ‘டைட்டில் சலவை’ இன்னும் ஒழிந்தபாடில்லை. அதே எண்ணை இணையத்தில் இட்டுத் தேடினால், அந்த வண்டி ஆறு மாதத்துக்கு முன்பே ஒருமுறை ஏலம் போன படங்கள் அகப்படக்கூடும். ஒருவர் வாங்கி, பிரித்துப் பார்த்து, கைவிட்டு, நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு மறுபடி ஏலத்துக்கு அனுப்பிய வண்டி அது என்று பொருள். விற்பவர் காப்பீட்டு நிறுவனமா, வண்டி வியாபாரியா என்பதையும் கவனியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணமில்லை.

இனி சேதம். ‘ஓடும், நகரும்’ என்ற குறிப்பை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். மைதானத்துக்கு வந்த நாளில் இயந்திரம் கிளம்பியது, கியர் விழுந்தது, வண்டி தன் பலத்தில் நகர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் தொடுவதில்லை. 2022-இல் இயன் புயலின்போது புளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு மெக்லாரன் பி1 வீட்டுக் கொட்டகையிலிருந்தே அடித்துச் செல்லப்பட்ட படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். உப்புநீர் புகுந்த மின்கம்பி இணைப்புகள் இன்று வேலை செய்து, அடுத்த மழைக்காலத்தில் பச்சை பூத்து நிற்கும். எரிந்த வண்டிக்கும் என் பதில் அதுவே.

மோதிய வண்டி என்றால், அடி எங்கே நின்றது என்பது ஒன்றே கேள்வி. பம்பர், பானெட், விளக்கு, ரேடியேட்டர் எல்லாம் பணம் கொடுத்தால் கிடைப்பவை. சேசிஸ் அப்படியன்று. ஒவ்வொரு வண்டியின் எலும்புக்கூடும் ஒவ்வொரு விதம் என்பதால், ஏலம் கேட்கும் முன் அந்த மாடலின் கட்டுமானத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். லம்போர்கினி கல்லார்டோவும் முதல் தலைமுறை ஆடி ஆர்8-உம் அலுமினியச் சட்டங்களால் ஆனவை. 2014-இல் வந்த ஹுராக்கானில் அலுமினியத்தோடு கார்பன் ஃபைபரும் கலந்திருக்கிறது. மெக்லாரன் 12சி-யில் பயணிகள் அமரும் பகுதி முழுவதும் 75 கிலோ எடையுள்ள ஒரே கார்பன் தொட்டி. முன்னும் பின்னும் அலுமினியச் சட்டங்கள் அதில் போல்ட்டால் பிணைக்கப்பட்டுள்ளன. இந்த அமைப்பு பழுதுபார்ப்பவருக்குச் சாதகமானது. முன் சட்டம் நசுங்கியிருந்தால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். ஆனால் அடி தொட்டியின் பிணைப்பு இடம்வரை போயிருந்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

கார்பனில் சிக்கல் என்னவென்றால், உலோகம்போல அது நெளிந்து காட்டிக்கொடுப்பதில்லை. மேலே வழவழப்பாக இருக்கும்போதே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் ஒரு நாணயத்தை எடுத்து மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டிக், டிக்’ என்று கூரான ஒலி வரும். பிரிந்த இடத்தில் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். விமானப் பராமரிப்பில் உள்ளவர்களுக்கு இது பழகிய முறை. சந்தேகம் எழுந்தால் மீயொலிச் சோதனைதான் முடிவு சொல்லும். அவென்டடாரின் கார்பன் உடலைப் பழுதுபார்ப்பதற்கென்றே லம்போர்கினி ‘பறக்கும் மருத்துவர்கள்’ என்ற பெயரில் நிபுணர்களை வண்டி இருக்குமிடத்துக்கே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது என்பதிலிருந்தே, இது தெருமுனைப் பட்டறையின் வேலை அல்ல என்பது விளங்கும்.

அலுமினியத்துக்கு வேறு இயல்பு. இரும்புச் சட்டத்தை இழுத்து நேராக்குவதுபோல இதை இழுத்தால் விரிசல் விடும்; ஆகவே வளைந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்பு, ரிவெட், கட்டுமானப் பசை ஆகியவற்றால் பொருத்துவார்கள். இரும்புக்குப் பயன்படுத்திய அரத்தையும் பிரஷையும் இதில் தொடவே கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும்.

படங்களை வைத்தே இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். இடைவெளிகளைப் பாருங்கள். நான் முதலில் எடுத்த வண்டி, இடப்பக்க முன்மூலையில் அடிபட்ட ஓர் ஆர்8. நசுங்கிய மூலையை இருபது முறை பெரிதாக்கிப் பார்த்த நான், வலப்பக்கத்தை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. வண்டி வந்திறங்கிய பிறகுதான் தெரிந்தது: இடப்பக்கக் கதவுக்கும் அதன் பின்னுள்ள பலகைக்கும் நடுவே அஞ்சலட்டைகூட நுழையவில்லை, வலப்பக்கத்தில் என் சுண்டுவிரல் நுழைந்தது. ஏலப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏழாவது படத்தில் அந்த இடைவெளி பட்டவர்த்தனமாக இருந்தது. அன்றிலிருந்து அடிபட்ட பக்கத்துக்குக் கொடுக்கும் நேரத்தைப்போல இரு மடங்கு நேரத்தை அடிபடாத பக்கத்துக்குக் கொடுக்கிறேன். கூரை ஓரம், கண்ணாடி மூலை, சக்கரம் வளைவுக்குள் நிற்கும் இடம் ஆகியவை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். பின்சக்கரம் சாய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் கை வளைந்திருப்பதோடு, அதைத் தாங்கும் இடமும் கியர்பாக்ஸ் உறையும் விரிசல் விட்டிருக்கக்கூடும். தூரத்திலிருந்து வாங்குகிறீர்களானால், மைதானத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்லும் சோதனையாளர் ஒருவருக்கு இருநூறு, முந்நூறு டாலர் கொடுப்பது வீண்செலவாகாது.

எத்தனை ஏர்பேக்குகள் வெடித்திருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றோடு சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிகளும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் செலவில் சேரும். பழைய ஏர்பேக்கை மலிவாக வாங்கி மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. தகாடா நிறுவனத்தின், ஏர்பேக்கை ஊதவைக்கும் குறைபாடுள்ள கருவிகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் ஃபெராரி, மெக்லாரன், ஆர்8 ஆகியவையும் இருந்தன. கழற்றி விற்கப்படும் பை எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது அதைச் சாரதியின் முகத்துக்கு நேரே வைப்பது அறிவுடைமை அல்ல.

இப்போது விலையைப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுங்கள். அதே ஆண்டின் குறையற்ற ஹுராக்கான் 2,00,000 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீபில்ட் பத்திரத்துக்காக 30 சதவீதம் கழித்தால் 1,40,000. பழுதுச் செலவு 45,000 என்று மதிப்பிட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்காகக் கால் பங்கைக் கூட்டி ஏறக்குறைய 56,000 என்று எழுதுங்கள். ஏலக் கட்டணம், மைதானக் கட்டணம், விற்பனை வரி, லாரி வாடகை எல்லாம் சேர்ந்து 12,000 ஆகலாம். மிச்சம் 72,000. உங்கள் உழைப்புக்கு எதுவும் வேண்டாம் என்றாலும் அதற்குமேல் கேட்கக்கூடாது. வேண்டுமென்றால் 60,000-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடைசிப் பத்து விநாடிகளில் ‘இன்னும் ஓர் ஆயிரம்தானே’ என்று தோன்றும். அந்த ஆயிரம் ஐந்து முறை தோன்றும்.

சில மாநிலங்களில் வியாபாரி உரிமம் இல்லாதவர் நேரடியாகக் கேட்க முடியாது. தரகர் வழியாகத்தான் போக வேண்டும். வென்ற பிறகு பணத்தையும் லாரியையும் உடனே ஏற்பாடு செய்யுங்கள். சில நாட்கள் கடந்துவிட்டால் வாடகை தினக்கணக்கில் ஏறும். (இந்த வண்டியை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்படாத, வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டிகளுக்கே அங்கே வழி. அமெரிக்க வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம்.)

வண்டி பட்டறைக்கு வந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் இயந்திரம் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்மூலைகளில் இருக்கின்றன. மூலை உடைந்தால் குளிர்நீர் போய்விடும், அதன் பிறகும் வண்டி சிறிது தூரம் ஓடியிருந்தால் இயந்திரம் சூடேறியிருக்கும். எண்ணெயையும் நீரையும் பார்த்து, இயந்திரத்தைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பி, தடையின்றிச் சுற்றினால் மட்டும் கிளப்புங்கள். பிழைக் குறிகள் அனைத்தையும் ஸ்கேனரில் எடுத்துப் படம்பிடித்துக்கொண்ட பிறகே அழியுங்கள். அடுத்து, ஓர் உதிரிபாகம்கூட வாங்குவதற்கு முன், செலெட் போன்ற அளவு மேசை உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சட்டத்தின் அளவுகளை எடுங்கள். என் ஆர்8-இல் ஒரு புள்ளி 9 மில்லிமீட்டர் விலகியிருந்தது. அது தெரியாமல் நான் முதலில் வாங்கிவைத்த இரண்டு சஸ்பென்ஷன் கைகள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.

சட்டம், சஸ்பென்ஷன், குளிர்விப்பு, மின்சாரம், பிறகு வெளிப்பலகைகள், கடைசியில் பெயிண்ட் என்பதே வரிசை. கார்பன் செராமிக் பிரேக் தட்டுகளின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் விலை ஒரு சாதாரண கார் விலைக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது வைத்திருங்கள். பழைய பாகமானால் அது வந்த வண்டியின் வின் எண்ணும் ரசீதில் இருக்கட்டும். மாநிலச் சோதனையில் உங்கள் பற்றவைப்பின் அழகைவிட, பாகம் எதுவும் திருட்டு வண்டியிலிருந்து வந்ததில்லை என்பதையே அதிகம் பார்ப்பார்கள். நியூயார்க்கில் இதற்கென்றே தனிப் பரிசோதனை இருக்கிறது. ரீபில்ட் வண்டிக்கு முழுக் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் பல உண்டு என்பதால், அதற்கான விசாரிப்பை ஏலத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

விற்கும்போது எதையும் மறைக்காதீர்கள். ஏலப் படங்கள், பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும் அளவு மேசையில் எடுத்த தாள்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். என் ஆர்8-ஐ எடுக்க வந்தவர் நான் மூன்று வாரம் பாடுபட்டு அடித்த பெயிண்டை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த 9 மில்லிமீட்டர் எங்கே போனது என்று இரண்டாவது தாளில் அரை மணி நேரம் தேடினார்.