சிவப்பு நரம்புச் சுக்கானைத் தாழ்வாரத்தில் வளர்க்கும் முறை

சிவப்பு நரம்புச் சுக்கான் என்ற புளிப்புக் கீரையில் நான் வாங்கிய முதல் மூன்று செடிகளும் ஒரே மாதத்தில் கருகிப்போயின. கீரை என்றால் நல்ல வெயில் வேண்டும் என்பது அம்மாவிடம் கற்ற பாடம். முளைக்கீரைக்கு அது சரி. அதே நினைப்பில் இந்தச் செடிகளையும் தாழ்வாரத்தின் படிக்கட்டு முனையில், மாலை வெயில் சுளீரென்று விழும் இடத்தில் வைத்துவிட்டேன். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் மூன்று மணி வெயிலுக்குச் சிமெண்டுச் சுவரே கொதிக்கும்.

2018 ஜூலையில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்க்கப் போனபோதுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஓக் மரங்கள் அடர்ந்த சின்னக் காடு. காட்டுக்குள் போகும் பாதையோரம் ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் ஓடி வடிந்து, களிமண் கால் வைத்தால் ஒட்டும். அந்தப் பள்ளத்தின் கரையில் இடுப்பளவு உயரத்தில் மெலிந்த தண்டுகளோடு இந்தச் செடி தானாக வளர்ந்து நின்றது. உச்சி வெயில் அதன்மேல் விழவே இல்லை. மரங்களுக்கிடையே சல்லடையில் சலித்த மாதிரி வந்த வெளிச்சம்தான் அதற்கு. குனிந்து மண்ணைத் தொட்டேன். கோடைக்காலத்திலும் சில்லென்று இருந்தது. மேலே உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடந்தன.

இதன் தாவரவியல் பெயர் ரூமெக்ஸ் சாங்குவினியஸ். ஐரோப்பாவிலும் வடஆப்பிரிக்காவிலும் தென்மேற்கு ஆசியாவிலும் ஈரமான காட்டோரங்கள்தான் இதன் சொந்த ஊர். காட்டில் நான் பார்த்ததில் நரம்பு பச்சையாகவே இருந்தது. ரத்தச் சிவப்பு நரம்போடு நாம் விதை வாங்கி வளர்ப்பது அதே இனத்தின் தோட்ட வகை. ஆந்திரக்காரர்கள் பருப்பில் போடும் சுக்கான்கீரைக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் அது ஓராண்டுச் செடி, இது பல ஆண்டு இருக்கும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அந்தக் காட்டுப் பள்ளத்தை ஒரு தொட்டிக்குள் கொண்டுவருவதுதான் நம் வேலை. பாதி வெளிச்சம், குளிர்ந்த வேர், எப்போதும் ஈரம், ஆனால் தேங்காத தண்ணீர். இந்த நான்கும் அமைந்தால் மற்றதைச் செடி பார்த்துக்கொள்ளும்.

இடம்: காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் கிழக்குத் தாழ்வாரம் மிக நல்லது. எதிரே தூங்குமூஞ்சி மரம் இருந்தால் இன்னும் நல்லது. நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. தொட்டி வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். வெளிப்புறக் கட்டைச்சுவரின் மேல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

தொட்டி: இதன் வேர் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்கும். 30 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் சூடேறி வேரை வேக வைத்துவிடும். என் முதல் செடிகள் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மண்தொட்டிதான் நல்லது, அதன் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தங்கும்.

மண்: தோட்டமண் இரண்டு பங்கு, மட்கிய உரம் இரண்டு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு. மேலே மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை பரப்புங்கள். நான் என் கறிவேப்பிலைச் செடியும் துளசியும் உதிர்ப்பதையே போடுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. பள்ளத்துச் செடி என்பதால் அடித்தட்டில் தண்ணீர் நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றும். இங்கே அது கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கி, அபராதம், எல்லாவற்றையும்விடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். அதனால் தட்டையே எடுத்துவிட்டேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, தண்ணீர் அடியில் வடியும்வரை ஊற்றுகிறேன். வடிந்ததை உடனே துடைத்துவிடுவேன். மண் மேலே இறுகினாலும் தண்ணீர் தேங்கும், வாரம் ஒரு முறை குச்சியால் கிளறிவிடுங்கள். இலைமூடாக்கு இருந்தால் அநேகமாக இறுகாது.

விதைக்க நல்ல காலம் டிசம்பர், ஜனவரி. வடகிழக்குப் பருவமழையில் காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும். விதையை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். இந்தக் குடும்பத்து விதைகளுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் குணம் உண்டு. ஈரமண்ணின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். எனக்கு ஏழாம் நாள் முளை தெரிந்தது. மீதி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். தேதி கடந்த பாக்கெட் என்றாலும் ஒரு முறை விதைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் 1879இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் புட்டிகளில் மண்ணுக்கடியில் புதைத்த விதைகளில், இதன் உறவான சுருட்டை இலைச் சுக்கான் 80 ஆண்டுக்குப் பிறகும் முளைத்தது.

முளைத்தது சுக்கான்தானா, களையா என்று சந்தேகமா? தேக்கா சந்தையில் லக்சா நூடுல்ஸ் குழம்பில் போடும் லக்சா இலை ஒரு கட்டு வாங்கி, தண்டின் கணுவைப் பாருங்கள். மெல்லிய காகிதம் போன்ற ஓர் உறை கணுவைச் சுற்றியிருக்கும். லக்சா இலையும் சுக்கானும் ஒரே குடும்பம், அந்த உறைதான் குடும்ப அடையாளம். உங்கள் செடியில் இலைக்காம்பின் அடியில் அதைத் தேடுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே போகும்.

இலை உள்ளங்கை நீளம் வருமுன் வெளிவட்டத்திலிருந்து பறியுங்கள். முற்றினால் கசக்கும். இளம் இலையைப் பச்சையாக வெள்ளரிக்காயோடு சாப்பிடலாம், பாசிப்பருப்போடு கடையலாம். இதன் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். ஆகவே அலுமினியப் பாத்திரம் வேண்டாம், மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். தயிர் சேர்த்துச் சாப்பிடுவது நல்லது, அதிலுள்ள கால்சியம் அந்த அமிலத்தில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். என் கணவருக்கு நான் போடுவதே இல்லை.

கடைசியாக ஒன்று. ஐரோப்பாவில் இதற்குக் குளிர்காலம் ஓய்வு கொடுக்கிறது. நமக்கு அது இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் இலை சிறுத்துச் செடி களைத்துப்போவது கண்ணுக்கே தெரியும். அப்போது உரம் போட்டு விரட்டாதீர்கள், நிழலுக்கு நகர்த்துங்கள். டிசம்பரில் பழைய இலை முழுவதையும் அடியோடு வெட்டிவிட்டு, கிழங்கைக் கத்தியால் இரண்டாகப் பிரித்துப் புதுமண்ணில் வைப்பேன். இரண்டு வாரத்தில் குருத்து வரும். போன ஆண்டு ஒரு பாதியைப் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்) கொடுத்தேன். அவர் செருப்பு அலமாரிக்குப் பின்னால், என் தொட்டிக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். அவர் செடியின் இலை என்னுடையதைவிட அகலம். இந்த டிசம்பரில் என் தொட்டியையும் அந்தப் பக்கம் நகர்த்தப்போகிறேன்.