சங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் அம்மாவிடம் பேசுங்கள்

அமெரிக்காவில் நர்ஸாகவும் ஆசிரியராகவும் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்குச் சம்பளத்திலேயே தொழிற்சங்கச் சந்தா பிடிக்கிறார்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கும் அந்தச் சங்கம் கைகொடுக்கும் என்பது நிறைய வீடுகளில் தெரிவதில்லை. தெரிந்து விண்ணப்பிப்பவர்களும் தவிர்க்கக்கூடிய தவறுகளால் வாய்ப்பை இழக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு, கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது. பல தொழிற்சங்கங்களின் உறுப்பினர் குடும்பங்களுக்கு 500 முதல் 4,000 டாலர் வரை தரும் யூனியன் பிளஸ் உதவித்தொகைக்கு வழக்கமாக ஜனவரி 31 கடைசி நாள். அரசு ஊழியர் சங்கமான ஆஃப்ஸ்மியின் குடும்ப உதவித்தொகைக்கு டிசம்பர் 31. மார்ச்சில் கல்லூரிக் கடிதம் வரும்போது இரண்டுமே முடிந்திருக்கும்.

அடுத்தது உறுப்பினர் விவரம். வேலையிடத்தில் சங்கம் இருப்பதாலேயே அப்பா உறுப்பினர் ஆகிவிட மாட்டார். 2018-இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடம் கட்டாயக் கட்டணம் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவருக்குச் சங்கம் நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்தின் பலன் கிடைக்கும், ஆனால் உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். யூனியன் பிளஸுக்குக் குறைந்தது ஓராண்டு தொடர்ந்த உறுப்பினர் காலம் தேவை. விண்ணப்பத்தில் சங்கத்தின் பெயர், லோக்கல் எண் (சங்கக் கிளையின் எண்) இரண்டையும் அட்டையைப் பார்த்தே எழுதுங்கள்.

நிறைய பேர் கோட்டைவிடுவது கட்டுரையில்தான். படிப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண், தன் கட்டுரையை என்னிடம் காட்டினாள். மருத்துவக் கனவு, மதிப்பெண்கள், கோயிலில் செய்த தொண்டு எல்லாம் இருந்தன. சங்கம் என்ற சொல் ஒரே இடத்தில், கடைசி வரியில். "அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன். அன்று ராத்திரி கேட்டிருக்கிறாள். சங்கம் போட்ட புதிய ஒப்பந்தம் வருவதற்கு முன் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பிட உட்காரக்கூட நேரம் இருக்காது, சாப்பாட்டு டப்பா அப்படியே வீடு திரும்பும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த டப்பாவில் தொடங்கித் திருப்பி எழுதினாள். யூனியன் பிளஸில் படிப்பு, பணத்தேவை, சமூக அக்கறையோடு தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிய மதிப்பையும் பார்க்கிறார்கள். அது வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது பொதுவான வாசகங்களை எதற்குத் தேட வேண்டும்?

இன்னொரு தவறான எண்ணம், இதெல்லாம் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பது. யூனியன் பிளஸுக்கு உறுப்பினரும், அவரது கணவன் அல்லது மனைவியும் விண்ணப்பிக்கலாம். முதுகலைப் படிப்புக்கும் உண்டு. நியூயார்க் ஆசிரியர் சங்கத்தின் ஆல்பர்ட் ஷாங்கர் உதவித்தொகைக்கு வீட்டில் யாரும் சங்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை. நகரின் அரசுப் பள்ளிகளில் கடைசி வருடம் படிக்கும், பணவசதி குறைந்த மாணவர்களுக்கானது அது.

சரி, பணம் வந்துவிட்டது. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குச் சொல்லாமல் இருக்காதீர்கள். வெளி உதவித்தொகை வந்தால் சில கல்லூரிகள் தாங்கள் தரும் உதவியைக் குறைத்துவிடும். "மானியத்தில் கை வைக்காமல் கடனில் குறைக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களுக்கும் செலவழித்த தொகைக்கு வரி இல்லை. விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனது வருமானக் கணக்கில் சேரும். அதனால் ரசீதுகளை எடுத்து வையுங்கள்.