குலதெய்வக் கோயிலுக்கு மொதல் தடவ போறவங்களுக்கு

சிட்டியில வளர்ந்துட்டு, குழந்தைக்கு மொட்ட போடணும்னு வந்தவுடனே குலதெய்வம் எதுன்னு தேட ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன், நானும் அப்படி லேட்டா போனவன்தான்.

சாமி எதுன்னே தெரியலன்னா நேரா ஜோசியர்கிட்ட ஓடாதீங்க. குடும்பத்துலயே வயசான பொம்பளையா பார்த்து உக்காந்து, "நம்ம குலதெய்வம் எது"ன்னு கேக்காம "அப்பாவுக்கு மொத மொட்ட எங்க போட்டாங்க, காது எங்க குத்துனாங்க"ன்னு கேளுங்க, பேரு மறந்திருக்கும் ஆனா கம்மாக்கரையில எறங்கி நடந்தது, பொங்கப்பானை சாஞ்சது எல்லாம் அப்பத்தாக்களுக்கு மறக்காது. அப்புறம் பங்காளி வீடு ஒண்ணுக்கு போன் போடுங்க, பங்காளின்னாலே ஒரே சாமியக் கும்புடுறவங்கதான்.

அடுத்தது மண்டைக்குள்ள பண்ண வேண்டிய வேலை, அதுதான் கஷ்டம். புத்தகத்த வரிக்கு வரி நம்புற மதத்துல மொத கேள்வியே "நீ இத நம்புறியா?", பைபிள்ல உலகம் ஆறு நாள்ல படைச்சதுன்னு எழுதியிருந்தா ஆறு நாள்தான். 1871ல எட்வர்ட் டைலர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் நம்ம மாதிரி கும்புடுறதுக்கெல்லாம் அனிமிசம்னு, அதாவது எல்லாத்துக்குள்ளயும் ஆவி இருக்குன்னு நம்புறதுன்னு, பேரு வெச்சு, இதுதான் மதத்தோட ஆரம்பப் படின்னு எழுதுனாரு, அவரும் 'நம்பிக்கை'யில இருந்துதான் ஆரம்பிச்சாரு. இங்க அந்தக் கேள்விய யாரும் உங்ககிட்ட கேக்கப் போறதில்ல. வந்தியா, பொங்க வெச்சியா, கோயில் வரி குடுத்தியா, அவ்ளோதான்.

நான் போனப்ப பெரியப்பா சொன்னாரு, நம்ம கருப்பன் மலையாள தேசத்துல இருந்து வந்தவருன்னு. சித்தப்பா, இல்ல இல்ல வால்மீகி தர்ப்பைப்புல்லுல செஞ்ச பிள்ளைதான் கருப்பன்னாரு. ரெண்டுக்கும் பூசாரி தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. நான் பெரிய இவனாட்டம் "எதுங்கய்யா கரெக்ட்டு?"ன்னு கேட்டேன். அவரு எலுமிச்சம்பழத்த அறுத்துக்கிட்டே "ரெண்டும் அவரப் பத்தித்தானப்பா"ன்னுட்டு அடுத்த பழத்த எடுத்தாரு. அதனால கதை கேட்டா எல்லா வெர்ஷனையும் எழுதி வெச்சுக்கங்க, ஒண்ண மட்டும் ஃபைனல் பண்ணாதீங்க.

சிலை இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. கல்லு இருக்கலாம், வேலு இருக்கலாம், அரிவாள் இருக்கலாம். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன்கிட்ட போனா பூட்டுன கதவுதான் சாமி, சந்தனம் அப்புறது அந்தக் கதவுக்குத்தான், அதுக்கு முன்னாடி பொய்ச்சத்தியம் பண்ண இன்னிக்கும் ஆளுங்க பயப்படுவாங்க. இது நேத்து வந்த பழக்கமும் இல்ல, போருல செத்தவனோட நடுகல்லத் தவிர நெல்லு தூவிக் கும்புட வேற கடவுள் எங்களுக்கு இல்லன்னு புறநானூறு 335ல மாங்குடி கிழார் பாடியிருக்காரு.

கோயில் காடு இருந்தா காஞ்ச சுள்ளியக்கூட ஒடிக்காதீங்க, அது சாமியோடது. இன்னொண்ணு, கையில காசு இருக்குன்னு டைல்ஸ் போட்டுத் தரேன், கோபுரம் கட்டித் தரேன்னு ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். வெயில்ல மழையில நிக்கிறதுதான் வழக்கம்னு கூரையே வேணாம்னு சொல்ற சாமி நிறைய உண்டு. கெடா வெட்டுற எடத்துல மூஞ்சச் சுளிச்சுக்கிட்டு "இதெல்லாம் உண்மையான ஆன்மீகமா"ன்னு கேக்குறதும் வேண்டாம். அந்தக் கேள்வியவே 2003ல அரசாங்கம் உத்தரவாப் போட்டுச்சு, கோயில்ல பலி கூடாதுன்ற பழைய 1950 சட்டத்த கண்டிப்பா நடைமுறைப்படுத்தச் சொல்லி, ஊர் ஊரா எதிர்ப்பு வந்து 2004ல அந்தச் சட்டத்தையே வாபஸ் வாங்குனாங்க. சைவம் சாப்பிடுறவங்க பொங்க மட்டும் வெச்சுட்டு வரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சாமியாடி முன்னாடி நிக்க வேண்டி வந்தா போன உள்ள வெச்சிருங்க. பெரும்பாலும் "என்னய மறந்துட்டியேடா"ன்னுதான் ஆரம்பிக்கும். நடிக்கிறாரா நெசமான்னு அங்க நின்னு ஆராய்ச்சி பண்ணாம "தப்புதான் சாமி, இனிமே வரேன்"னு சொல்லுங்க. எனக்கு அந்த வார்த்தை தொண்டையிலயே நின்னுச்சு, பக்கத்துல இருந்த அத்தைதான் முதுகுல ஒண்ணு வெச்சாங்க.

புத்தக மதத்த கொறை சொல்றதுக்காக இத எழுதல. புத்தகம் எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும், அது பெரிய வசதி. குலதெய்வம் ஒரு எடத்துலயே இருக்கும், நாமதான் போகணும். ரொம்ப தூரம் போயிட்டவங்களுக்கு பிடிமண்ணுன்னு ஒரு வழி இருக்கு, பழைய கோயில்ல இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போய் புது எடத்துல வெச்சுக் கும்புடுறது. ஆனா நீங்களா அள்ளிக்கிட்டு வந்துராதீங்க, பூசாரியும் பங்காளிகளும் ஒத்துக்கணும், சாமிகிட்ட உத்தரவும் கேக்கணும்.

கெளம்புறப்ப ஒண்ணு கேட்டுக்கங்க. சில கோயில்ல சமைச்சதுல ஒரு பருக்கைகூட வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது, அங்கயே சாப்பிட்டு முடிக்கணும், திருநீறு மட்டும்தான் கொண்டு வரலாம். எங்க கோயிலும் அப்படித்தான், டிபன் பாக்ஸ்ல கறிக்கொழம்பு அடைச்சு கார்ல வெச்சிருந்தேன், பாதி வழியில இருந்து திருப்பி ஓட்டிட்டு வந்தேன்.